கம்பளித் தொப்பியும் லண்டன் சுங்கமும்

குழந்தைத் தொப்பி பின்னி இணையத்தில் விற்றுப் பாரிஸில் வாடகை கட்டலாம் என்று எனக்கு யார் சொன்னது? நானேதான். 2010இல் பாரிஸின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் எங்கள் வீட்டின் சாப்பாட்டு மேசையில் தொடங்கினேன். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள்தான் துடக்கு, அதாவது பிறப்புத் தீட்டு, கழியும். அன்றைக்குத்தான் சொந்தக்காரர் வந்து பிள்ளையைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். லண்டனிலும் கனடாவிலும் குளிர். படத்துக்கு ஒரு நல்ல கம்பளித் தொப்பி வேண்டும்.

ஆனால் முப்பத்தொன்று ஒத்திப்போடுகிற நாள் இல்லை. தொடங்கிய அந்த ஆண்டே ஐஸ்லாந்தில் எரிமலை புகைந்து விமானங்கள் நின்றன. கனடாவுக்கு அனுப்பிய தொப்பி போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் தலை வளர்ந்துவிட்டது. வாங்கியவர்கள் என்னைத்தான் ஏசினார்கள். எரிமலையை யார் ஏசுவது?

கம்பளி நூல் தந்தவள் தெற்கே மலைப்பக்கம் செம்மறி வளர்க்கும் ஒரு பிரெஞ்சுக்காரி. விவசாயச் சந்தையொன்றில் பழக்கமானாள். எங்கள் வீட்டில் அவளுக்கு ஆட்டுக்காரி என்றே பெயர். ஒவ்வொரு வசந்தத்திலும் கம்பளி கத்தரித்ததும் போன் எடுத்து, இந்த முறையும் வேண்டுமா என்று கேட்பாள். வேண்டும் என்பேன். அந்த ஒரு சொல்லை நம்பி நூல் நூற்பித்து அனுப்புவாள்.

கொரோனா வந்தது. சீனாவில் கம்பளி ஆலைகள் படுத்ததால், அங்கே அனுப்பும் மொத்த வியாபாரி அவளுடைய மீதிக் கம்பளியை எடுக்க வரவில்லை. இனி எல்லாவற்றையும் நானே எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டில் அடைபட்டிருந்த லண்டன் சனம் இணையத்தில் வாங்கித் தள்ளியதால் வந்த துணிவு அது. அடுத்த தை மாதம், பிரித்தானியா ஐரோப்பாவை விட்டுப் பிரிந்ததில், லண்டன் பொதிகளுக்குச் சுங்கம் வந்தது.

முன்பென்றால் கார் து நோர் ரயில் நிலையத்தில் லண்டன் ரயில் ஏறும் யாராவது தெரிந்தவர் கையில் கொடுத்துவிடலாம். கொரோனாவில் யார் போகிறார்கள்? என் தொப்பிகளை லண்டனில் எடுத்து விற்ற அக்கா ஒருவர் போனில் வழி சொன்னார்.

"அன்பளிப்பெண்டு எழுதி விடுமன் பிள்ளை. எங்கடை சனம் எல்லாம் அப்பிடித்தானே அனுப்புது."

எழுதினேன். ஒரே அளவில் நாற்பது தொப்பி. எந்த விசரி ஒரு வீட்டுக்கு நாற்பது தொப்பியை அன்பளிப்பாக அனுப்புவாள்? சுங்க அதிகாரிக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை. பொதி கிழிந்து திரும்பி வந்தது. அக்கா வேறு இடம் பார்த்துக்கொண்டார். என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

அந்த வசந்தத்தில் ஆட்டுக்காரி போன் எடுத்தபோது, முதல்முறையாக வேண்டாம் என்றேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆட்டுக்கு ஊரடங்கும் தெரியாது, சுங்கமும் தெரியாது, கம்பளி தன்பாட்டுக்கு வளரும், கத்தரிக்கிறவனுக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்றாள். வயதான ஆடுகளை இனி வைத்திருக்க முடியாதாம். உங்கள் தெருவில் இறைச்சிக்கடைக்காரர் யாரையாவது தெரியுமா என்று கடைசியில் கேட்டாள்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நாங்கள் இறைச்சி வாங்கும் கடை அண்ணையிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கிழட்டு ஆடுகள், வேண்டாமென்றால் பரவாயில்லை என்றேன்.

"முத்தின இறைச்சிதானே தங்கச்சி கறிக்கு ருசி. எத்தினை எண்டாலும் எடுக்கிறன், நம்பரைத் தாரும்."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினொரு வருடத்தில் நான் அவளுக்குப் பார்த்துக்கொடுத்த வியாபாரங்களில் ஒரு சிக்கலுமில்லாமல் முடிந்தது அது ஒன்றுதான்.