எலிகளை ஆராய்ந்தவருக்கு என்னைத் தெரியவில்லை

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் எலிகளை ஆராய்ந்த ஒருவரை மறக்க முடியாது. வேலூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும். இரண்டு மாதம் தினமும் மாலையில் வந்து, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'ரிசெப்டர்' என்ற சொல்லில் நான் விடும் பிழைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னதான் சார் அது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூளையில இருக்கற பூட்டுன்னு வெச்சுக்கோங்க மேடம். ஹார்மோன்தான் சாவி. பூட்டை அடைச்சுட்டா, சாவி இருந்தும் பிரயோஜனம் இல்லை."

அவருடைய சோதனை எனக்குப் பிடித்திருந்தது. பெரிய ஆண் எலியின் கூண்டுக்குள் ஒரு குட்டி எலியை விடுவார். பெரியது அதை ஐந்து நிமிடம் ஆற அமர முகர்ந்து பார்க்கும். குட்டியை எடுத்துவிட்டு, அரைமணி கழித்து அதையே மறுபடி விட்டால், 'ஓ, நீதானா' என்பதுபோல லேசாக முகர்ந்துவிட்டு விலகிவிடும். ஆனால் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் போய் ஒட்டுகிற ரிசெப்டரை மருந்தால் அடைத்துவிட்டால், அதே குட்டியைப் புதிதாக வந்த விருந்தாளியைப் போல முதலிலிருந்து விசாரிக்கும்.

ஒரு சனிக்கிழமை மார்க்கெட்டில் அவர் எதிரே வந்தார். கையில் கீரைக்கட்டோடு நின்று சிரித்தேன். என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் தொங்கிய வாழைத்தாரையும் அதே அக்கறையோடு பார்த்தார். போய்விட்டார். வீட்டுக்கு வந்து கீரை ஆயும்போதுகூட எனக்கு மனசு ஆறவில்லை.

திங்கட்கிழமை அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன்.

"சனிக்கிழமை மார்க்கெட்ல உங்களைப் பாத்துச் சிரிச்சேன். உங்களுக்கும் யாராவது அந்த மருந்தைப் போட்டுட்டாங்களா சார்?"

காது வரை சிவந்துவிட்டார். "ஐயோ மேடம், சத்தியமா தெரியலை. இங்க எப்பவும் பச்சை ஸ்வெட்டர்ல இருப்பீங்க. அது இல்லாம..."

"எலி அஞ்சு நிமிஷத்துல கத்துக்குது. உங்களுக்கு ரெண்டு மாசம் பத்தலையா?"

பாவம், அதை ரொம்பவே மனதில் வைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அந்த வாரமே கல்லூரியிலிருந்து திரும்பிய என் நாத்தனார் வாசலிலேயே நின்று சொன்னாள்: "அண்ணி, பஸ் ஸ்டாப்ல யாரோ ஒருத்தர் ஓடி வந்து கும்பிட்டாரு. நாலாவது சாப்டர் முடிஞ்சுதான்னு கேக்கறாரு! நான் தெரியாதுங்கறதுக்கு 'கொத்தில்லா'ன்னு கன்னடத்துல சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்."

அவள் அன்று போட்டிருந்தது என் ஸ்வெட்டர். இதை நான் அவரிடம் சொல்லவேயில்லை. நாலாவது அத்தியாயத்தை மட்டும் சீக்கிரம் முடித்துக் கொடுத்தேன்.

அவருடைய வாய்மொழித் தேர்வுக்கு என்னையும் அழைத்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தேர்வாளர், பெண் எலிகளுக்கும் இதே முடிவு பொருந்துமா என்று கேட்டார். நம்மவர் தடுமாறினார். எனக்குப் பதில் தெரியும். ஐந்தாம் அத்தியாயம், கடைசிப் பத்தி, மூன்று முறை திருத்தித் தட்டியது. எழுந்து சொல்லிவிடலாமா என்று கால் துடித்தது. நல்லவேளை, அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. பெண் எலிகள் இந்த ரிசெப்டரை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை, அதை அடைத்தாலும் தெரிந்த முகத்தைத் தெரிந்துகொள்கின்றன என்று ஆதாரங்களோடு சொன்னார்.

நான் கைதட்டிவிட்டேன். அந்த அறையில் தட்டியது நான் ஒருத்தி மட்டும். தேர்வாளர்கள் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். முடிவு சொல்லும்வரை அங்கே யாரும் தட்டக்கூடாதாம். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு மீதி நேரத்தை ஓட்டினேன். பட்டம் உண்டு என்று அறிவித்ததும் எல்லோரும் தட்டினார்கள். என் பங்கை முன்பே செலுத்திவிட்டேன்தான். இருந்தாலும் மறுபடியும் தட்டினேன்.