பள்ளத் தெருவில் ஊர் கூட்டியவள்

ஊரைக் கூட்டுவதுதான் என் தொழில். கேட்டால் தண்டோரா போடும் வேலை மாதிரி இருக்கும். சம்பளச் சீட்டில் மட்டும் 'களப்பணியாளர்' என்று மரியாதையாகப் போட்டுத் தருகிறார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சரக்கு சோதித்துக்கொண்டிருந்தவள், ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, புதுவாயல் பக்கத்தில் ஒரு காலனிக்கு வந்து சேர்ந்தேன். தெருவில் நாலு பேரைச் சேர்த்து ஒரு நல்ல காரியம் செய்யப் பார்த்து நொந்துபோன அன்பர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

அங்கே இரண்டு தெரு. மேட்டுத் தெருவில் புதிதாக மனை வாங்கி வீடு கட்டியவர்கள். பள்ளத் தெருவில் கம்பெனி ஆட்கள். மேட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் தாங்கலுக்கு, அதாவது ஊர்க் குட்டைக்கு, போய்ச் சேர வேண்டும். நடுவில் கால்வாய் தூர்ந்துபோனதால் அந்தத் தண்ணீர் பள்ளத் தெரு வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஊர் சேர்ந்தால் கால்வாயைத் திறந்துவிடலாம். சேர்க்கத்தான் நான்.

மைக் வைத்த ஞாயிற்றுக்கிழமை

முதல் கூட்டத்துக்கு ஞாயிறு காலையில் மைக் வாடகைக்கு எடுத்தேன். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்தேன். வந்தவர் ஒரே ஒருவர், ரமேஷ். வெல்டர். நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருந்தவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக ஒலிபெருக்கியிடம் போய் வயரைப் பிடுங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, முன்வரிசையில் உட்கார்ந்து, "சரி, எழுப்பிட்ட. இன்னா மேட்டரு, சொல்லு" என்றார்.

காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவர் ஒருவருக்காக முழுப் பேச்சையும் பேசினேன். கொட்டாவி விட்டபடியே கேட்டார். இந்த ஊரில் எல்லோரும் சேர்ந்து விழித்திருக்கும் பொழுதே கிடையாது, பாதிப் பேர் வேலையில் இருந்தால் பாதிப் பேர் தூக்கத்தில் என்று அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. எழுந்து போகும்போது ஒரு வழியும் சொல்லிவிட்டுப் போனார்: "எக்கா, எங்களை ஒண்ணா பாக்கணும்னா கம்பெனி பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு வா. ஷிப்ட்டு மாறச்சொல்ல எல்லாரும் அங்கதான் நிப்போம். இந்த மைக்கு மட்டும் வோணாம், பேஜாரு!"

கடப்பாரையோடு வந்தவர்கள்

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே கூட்டங்கள் நடந்தன. எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். கால்வாய் தோண்டுகிற அன்று பார்த்தால் நான், ரமேஷ், நாகம்மா, அவ்வளவுதான். நாகம்மா கம்பெனி கேன்டீனில் சமைப்பவர்; பள்ளத் தெருவிலேயே தாழ்வான வீடு அவருடையது. போன மழைக்கு அடுப்பைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துச் சோறு பொங்கியவர். மூன்று பேரும் முள்புதரையும் கட்டட இடிபாட்டையும் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்போதுதான் லைன் வீடுகளில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். முன்னால் வந்தவர் பிகாஷ். உருக்காலை ஒன்றில் வேலை. வேலைக்கு வந்த இடத்திலேயே தமிழ் கற்றுக்கொண்டவர். சத்தம் கேட்டு மற்ற வீடுகளும் எட்டிப் பார்த்தன. மதியத்துக்குள் கால்வாயின் பாதை தெரிய ஆரம்பித்தது. கைகட்டி வேடிக்கை பார்த்த ஒருவர், "நீ உன் ஊருக்குப் போறவன், உனக்கு ஏம்பா இந்த வேலை?" என்று பிகாஷிடம் கேட்டார். கேட்டவரே சாயங்காலம் வரைக்கும் எங்களோடு மண் சுமந்தார் என்றால் அதற்குக் காரணம் பிகாஷ் சொன்ன பதில்தான்: "தண்ணி ஆதார் கேக்காது அண்ணா. என் ரூம் உள்ளே கூட வந்துச்சு."

சார் வீட்டு வாசல்

மேட்டுத் தெருவில் வேலை நின்றுபோனது. கால்வாய் போகிற வழியின் மேலேயே சங்கரன் சார், கார் ஏறுவதற்காகக் காங்கிரீட் சரிவு போட்டிருந்தார். தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவர், நல்ல மனிதர். ஆனால் சரிவை உடைக்கக் கூடாது என்றார். "அப்புறம் காரைத் தலையில தூக்கி வைச்சுக்கிட்டா உள்ள போறது?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. நாகம்மாவுக்கு அது நியாயமாகப் படவில்லை. "அவரு காரு நனையக்கூடாது, எங்க புள்ளைங்க நனையலாமா?" என்று சார் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார். இரண்டு தெருவும் முறைத்துக்கொண்டன. நான் இரண்டு தெருவுக்கும் ஆகாதவளானேன்.

ரமேஷ்தான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வாசலை அளந்தார். காங்கிரீட்டை எடுத்துவிட்டு இரும்புக் கிராதி செய்து போடுகிறேன், மேலே கார் போகட்டும், கீழே தண்ணீர் போகட்டும் என்றார். சார் அரை மனதோடுதான் சம்மதித்தார். கிராதி வந்து இறங்கிய அன்று, தாங்குமா என்று காட்ட ரமேஷ் எங்களை எல்லாம் அதன்மேல் ஏறிக் குதிக்கச் சொன்னார். நாகம்மா கொஞ்சம் கூடுதலாகவே குதித்தார். சார் காரை மெல்ல ஏற்றினார், இறக்கினார், நம்பிக்கை வராமல் மறுபடி ஏற்றினார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "வாசலை உடைக்க வந்தவங்களுக்குக் காபி போடச் சொல்றவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். உள்ள வாங்க எல்லாரும்."

நாஷ்டாக் கடை வரைக்கும்

புதுக் கால்வாயைப் பார்த்ததும் ஊருக்கு அது நீளமான குப்பைத்தொட்டியாகத் தெரிந்தது. நாகம்மா விடவில்லை. வீட்டுக்கு வீடு மக்கும் குப்பையைத் தனியாக வாங்கி உரக்குழியில் போட வைத்தார். அந்த உரத்தில் தாங்கல் கரையில் கீரையும் வெண்டைக்காயும் வந்தன. ஒருநாள் பைக்கில் போன ஒருவர் வண்டியை நிறுத்தாமலே ஒரு குப்பை மூட்டையைக் கால்வாயில் வீசிவிட்டுப் போனார். நாகம்மா இறங்கி அதை எடுத்துக்கொண்டு, பின்னால் வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி ஏறினார். புதுவாயல் கூட்ரோட்டு நாஷ்டாக் கடையில் அந்த ஆள் இட்லி தின்றுகொண்டிருந்தார். கடை முழுக்க ஆள். தட்டுக்குப் பக்கத்தில் மூட்டையை மெதுவாக வைத்து, நாகம்மா மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "நைனா, உன் பொருளு எங்க காவாயில வுழுந்துடுச்சு. பத்திரமா வச்சுக்க. அடுத்த தபா உன் ஊட்டாண்டயே கொணாந்து தர்றேன்."

மழை வந்த நாள்

கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது. காலையில் கால்வாயில் தண்ணீர் சலசலவென்று ஓடியபோது குடையைப் பிடித்துக்கொண்டு கைதட்டினோம். மதியம் ஓட்டம் நின்றது. பிறகு மேலேற ஆரம்பித்தது. கால்வாய் ரோட்டுக்கு அடியில் போகும் குழாயில் ஏதோ அடைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நாகம்மாவின் வாசற்படியைத் தொட்டது. இத்தனை பேரைக் கூட்டி, இத்தனை மண்ணைச் சுமக்க வைத்து, கடைசியில் இதுதானா என்று நினைத்தேன்.

ரமேஷ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கயிற்றைப் பிகாஷ் பிடித்தார். அவருக்குப் பின்னால் பேன்ட்டைச் சுருட்டிவிட்ட சங்கரன் சார். அவருக்குப் பின்னால் இரண்டு தெருவும். ரமேஷின் தலை தண்ணீருக்குள் போனது. வரவில்லை. நான் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தேன். சட்டென்று மேலே வந்து, "மெத்தை! எவனோ மெத்தையைப் போட்டுக்கீறான்!" என்று கத்தினார். இன்னொரு கயிற்றைக் கேட்டு வாங்கி மறுபடி மூழ்கி, அதில் மெத்தையைக் கட்டிவிட்டு மேலேறினார். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி இழுத்தபோது பொத்தென்று வெளியே வந்தது. சங்கரன் சார் சேற்றில் மல்லாந்து விழுந்து சிரித்தார். தண்ணீர் ஒரு சுழி சுழித்துத் தாங்கலை நோக்கி ஓடியது. நாகம்மா வீட்டுக்குள் போனார். பிறகு வாசலில் வந்து நின்றார். அவர் கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன். "ஸ்டெல்லா, தரை காஞ்சே கீது! எல்லாரையும் வரச் சொல்லு, எங்க ஊட்ல தரையில குந்தி சோறு துன்னலாம்!"

வேப்பம்பட்டுக்குப் போனவர்கள்

சங்கரன் சாரின் நண்பர் ஒருவர் மூலம் விஷயம் வேப்பம்பட்டு வரை போனது. அங்கேயும் தண்ணீர் நிற்கும் தெரு. வந்து சொல்லித் தாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் பேச்சை எழுதி, புடவைக்கு இஸ்திரி போட்டு, நாகம்மாவைத் துணைக்கு அழைத்துப்போகலாம் என்று அவர் வீட்டுக்குப் போனால் கதவில் பூட்டு. பிகாஷ் அறையிலும் பூட்டு. போன் போட்டேன். ரயில் சத்தம். சாரையும் கூட்டிக்கொண்டு பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்கு பஸ்ஸில் போய், அங்கே மின்சார ரயில் ஏறிவிட்டார்கள். பூட்டிய வீட்டின் முன்னால் இஸ்திரிப் புடவையோடு நின்ற எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, நெஞ்சுதான் விம்மியது. யார் பேசப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு நாகம்மா சொன்னார்: "பிகாஷு பேசுவாரு, நான் திட்டுவேன், நான் திட்டறத சாரு மருவாதியா எடுத்துச் சொல்வாரு. நீ எதுக்கு அலையறே, நாங்க பாத்துக்கறோம்."

ஊர் கூட்டுகிறவள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒருநாள் ஊருக்கு அவள் தேவைப்படமாட்டாள் என்பதால், நான் இப்போது கிட்டத்தட்ட வேலையில்லாதவள் என்பதை நெஞ்சை நிமிர்த்தித் தெரிவித்துக்கொள்கிறேன்.