சுவருக்கு மாறிய சோலார் பேனல்

ஒஸ்லோவில் எங்கள் வீட்டுப் பின்வாசல் கமராவுக்கான சோலார் பேனலை என் கணவர் கொட்டகைக் கூரையில் வானம் பார்க்கப் படுக்க வைத்திருந்தார். பனி கொட்டும்போதெல்லாம் ஏணியில் ஏறி விளக்குமாற்றால் தட்டிவிடுவார். அப்படியும் கமரா செத்துத்தான் கிடந்தது.

"வெயில் மேலயிருந்துதானே வரும்?" என்றார்.

"அது யாழ்ப்பாணத்தில. இஞ்சை மாசியிலயும் சூரியன் கூரைக்கு மேல ஏறாது. பேனலை நிமிர்த்தி வையுங்கோ."

"உமக்கென்ன தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் வேலைக்குப் போனதும், உறைந்து கிடந்த பற்றரியை உள்ளே கொண்டுவந்து குளிர் போகவிட்டுச் சார்ஜ் ஏற்றினேன். பேனலைக் கழற்றி, வீட்டின் தெற்குச் சுவரில் செங்குத்தாகப் பூட்டினேன். தாழ்ந்த வெயில் நேரே அதன் முகத்தில் விழுந்தது. அந்த வாரம் முழுவதும் சார்ஜ் இறங்கவேயில்லை. அவர் கவனிக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு காலை பனி கொட்டியது. அவர் விளக்குமாற்றோடு ஏணியில் ஏறினார். கூரையில் பேனல் இல்லை. திரும்பினார். சுவரில் அது ஒரு பொட்டுப் பனியில்லாமல் பளபளத்தது. ஏணியிலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கொட்டகையைப் பார்த்திருந்த கமரா அத்தனையையும் பிடித்துவிட்டது. இப்போது அவர் "உமக்கென்ன" என்று தொடங்கினாலே நான் கைபேசியை எடுத்துவிடுவேன்.