முள்ளும் புளியங்கொட்டையும்

சூசைநாதன் கப்பல் வேலையை விட்டுப் பாகூருக்குத் திரும்பியபோது வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருந்தது. சைகோன் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது மற்ற விரல்களைச் சங்கிலி நசுக்கிவிட்டது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருடம்.

கப்பலில் அவர் கற்றிருந்தது அலங்கார முடிச்சு. மணி அடிக்கும் கயிறு, திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டும் கயிறு எல்லாவற்றிலும் பூப்பூவாய் முடிச்சு விழும். புதுச்சேரியில் திரைச்சீலை தைத்து விற்கும் சாமிநாதன், "அந்த மாதிரி கயிறு கிடைச்சா நானே எடுத்துக்கறேன்" என்றார். ஆனால் முடிச்சுப் போட சூசைநாதனுக்குக் கை இல்லை.

அறுப்பு முடிந்து கூலி வேலை ஓய்ந்த கோடையில், அவர் மனைவி காசம்மாள் முடிச்சுப் போடத் தெருப் பெண்கள் நாலு பேரைக் கூட்டி வந்தாள். சூசைநாதன் எதிரில் உட்கார்ந்து வாயால் சொன்னார்.

"இதுக்கு மேல போ. அப்பறம் அதுக்குக் கீழ வா."

"எதுக்கு மேலண்ணே? ரெண்டு கவுறும் ஒண்ணாட்டம்தான இருக்குது!" அவர்களில் ஒருத்தியான செங்கமலம் கயிற்றை வீசினாள். "நாத்து நடறத வாயால சொல்லியா கத்துக்கினோம்? கையப் பாத்துத்தான் கத்துக்கினோம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சூசைநாதனுக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரி என்றே பட்டது.

மறுநாள் கயிற்றில் பாதியை மஞ்சள் கரைத்த தண்ணீரில் வேகவைத்தார். "கொழம்புக்கு வெச்ச மஞ்சள இன்னாயா பண்ற?" என்று காசம்மாள் கத்தினாள். இப்போது எந்த முனை எங்கே போகிறது என்று தெரிந்தது. தார் வெட்டிச் சாய்த்த வாழைமரத்தில் ஒரு துண்டைப் பிளந்து, கயிறு வளைய வேண்டிய இடங்களில் கருவேல முள்ளைக் குத்தினார். கயிறு கயிற்றைத் தாண்டும் இடங்களில், ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வெளுத்த புளியங்கொட்டையை வைத்தார். வெள்ளை தெரிந்தால் மேலே, கறுப்பு தெரிந்தால் கீழே.

அன்று பொழுது சாய்வதற்குள் செங்கமலத்தின் கையில் ஒரு பூ முடிச்சு இறுகி நின்றது.

அடுத்து சாமிநாதன் வட்டமான சக்கர முடிச்சு ஒன்று கேட்டார். சூசைநாதன் முள் குத்திக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். கண்ணை மூடிப் பார்த்தார். இடது கையைக் காற்றில் அசைத்துப் பார்த்தார்.

"கைக்குத்தான் தெரிஞ்சிருந்துது," என்றார் மெதுவாக. "கையோட போயிடுச்சு."

செங்கமலம் அந்த வாழைத்துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் அவள் திரும்பி வந்தபோது சக்கரம் முழுசாக இருந்தது.

"எப்படிடீ?"

"வெள்ளைக்குப் பக்கத்துல வெள்ளையே வந்தா அந்த எடம் தொளதொளன்னு போவுதுண்ணே. அதான் வெள்ள, கறுப்புன்னு மாத்தி மாத்தி வெச்சேன். தானா வந்துருச்சு."

சூசைநாதன் அந்த முடிச்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "கப்பல்ல எனக்கு யாரும் இதச் சொல்லல. நீ சொல்லு, நான் கேக்கறேன்" என்று அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு பக்கத்து ஊரான பண்டசோழநல்லூரிலும் பெண்கள் செங்கமலத்தைக் கூப்பிட்டார்கள். ஒரு கூடையில் முள்ளும் கொட்டையும் எடுத்துப் போவாள். வாழை எந்த ஊரிலும் கிடைத்தது. கொட்டைகளை இடது கையாலேயே கல்லில் தேய்த்துக் கொடுப்பது சூசைநாதன்.

கரியமாணிக்கம் ஊர் நிலக்காரர் வீட்டுத் தையலம்மாளும் ஆள் அனுப்பினாள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் வந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னாளாம்.

"எந்த ஊருன்னாலும் எல்லாரும் மரத்தடியிலதான் கத்துக்கறோம். அம்மாவ எங்க ஏரிக்கரைக்கு வரச் சொல்லுங்க" என்று செங்கமலம் சொல்லி அனுப்பினாள்.

தையலம்மாள் வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய கூண்டு வண்டி ஏரிக்கரையில் வந்து நின்றது. இறங்கியவள் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் காசம்மாள் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, "முள்ள எங்க குத்தணும்?" என்று கேட்டாள்.