ரோஸ் சீட்டில் 'காரணம்' என்ற கட்டம்

கல்லூரி மனநல ஆலோசகரின் தொழில் மாணவர்களின் ரகசியத்தைக் காப்பது. எங்கள் கல்லூரியில் அந்த ரகசியத்துக்கு மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

படிவங்களோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு இது புரியும். வங்கியிலோ தாலுகா ஆபீசிலோ, 'காரணம்' என்ற கட்டத்துக்கு நேரே பேனாவைப் பிடித்துக்கொண்டு என்ன எழுதுவது என்று நின்றிருப்பீர்கள். நான் ஒன்றரை வருடமாக மற்றவர்களுக்காக அந்தக் கட்டத்தை நிரப்பி வருகிறேன். மாணவர்களின் பெயர்களை இங்கே மாற்றியிருக்கிறேன். என் தவறுகளை மாற்றவில்லை.

போர்டு

மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் கல்லூரியில், ஆலோசனை மையம் என்பது முன்பு விளையாட்டுச் சாமான் வைத்திருந்த அறை. நனைந்த கிரிக்கெட் மேட்டின் வாசனை இன்னும் போகவில்லை. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, எதிரே கேன்டீன். வாசலுக்கு மேலே 'மனநல ஆலோசனை மையம்' என்று ஒரு போர்டு. கல்லூரியின் பெயர்ப் பலகையைவிடக் கொஞ்சம்தான் சிறியது. உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் கேன்டீனில் சமோசா சாப்பிடுகிற முப்பது பேர் பார்ப்பார்கள். போர்டைச் சின்னதாக்கலாம் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்தேன். தரச்சான்று கொடுக்க வருகிற குழுவுக்கு போட்டோ அனுப்ப வேண்டும், எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்றார்.

முதல் மாதம் என் அறைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஜெராக்ஸ் கடை என்று நினைத்து வந்தவர்கள். ஒருவன் உள்ளே வந்து உட்கார்ந்தே விட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீர் கொடுத்து, "அவசரமே இல்ல, மெதுவா சொல்லுங்க" என்றேன். அவன் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதற்குள் அவன் நண்பன் வெளியிலிருந்து கத்தினான்: "மச்சி, இன்னாடா அங்க போய் குந்திகினு கீற? வெளிய வாடா, எவனாவது பாத்தா உனுக்குத்தான் ஏதோன்னு நெனைக்கப் போறான்!"

வீட்டில் என் உத்தியோகம்

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியது நான். அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். 'முதல் பட்டதாரி' சான்றிதழுக்காக அவரும் நானும் தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை அலைந்தோம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். குடும்பத்தில் மற்றவர்களின் படிப்பு என்று கேட்ட இடத்தில் எழுத ஒன்றுமில்லையே என்று விட்டிருந்தோம். அங்கே 'இல்லை' என்று எழுத வேண்டுமாம். அன்று முதல் நான் எந்தக் கட்டத்தையும் காலியாக விடுவதில்லை. பொய்யும் எழுதுவதில்லை. அது நல்ல குணத்தால் அல்ல, பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தால். இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்த செய்தி கேட்டு, வேளச்சேரியில் எங்கள் மாடி வீட்டு அக்கா என்ன வேலை என்று விசாரித்தார். மனச்சோர்வு, பதற்றம் என்று நான் ஒழுங்காக விளக்க ஆரம்பித்தேன். அம்மா குறுக்கே புகுந்து, "காலேஜ்ல டீச்சர்" என்று முடித்துவிட்டார். உள்ளே வந்ததும் என்னிடம் சொன்னார்: "டீச்சர்னே சொல்லு. டீச்சர்னா யாரும் மேல ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

பத்து நிமிஷம்

பிரதீப் இரண்டாம் ஆண்டு கணிதம். வீடு மந்தைவெளி, அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அவன் வீட்டிலும் அவன்தான் முதல். தமிழ் வழியில் படித்து, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தவன். ஒரு செமினாரில் போர்டில் கணக்கைப் போட்டுவிட்டு, அதைத் தமிழில் விளக்கியிருக்கிறான். வகுப்புப் பொறுப்பாசிரியர், "தம்பி, இது காலேஜு, கார்ப்பரேஷன் ஸ்கூல் இல்ல" என்றார். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். பிரதீப்பால் முடியவில்லை. மறுநாளிலிருந்து அவன் வகுப்பு வாசல் வரை வருவான். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். திரும்பிப் போய் மாடிப்படிக்குக் கீழே குடிதண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்துகொள்வான். ஒரு மாதம் இப்படி. எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாவிட்டால் செமஸ்டர் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போய்விட்டால் வீட்டில் மறுபடி அனுப்ப மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

கேன்டீன் காலியாக இருக்கிற முதல் பீரியடில்தான் என் அறைக்கு வந்தான். "இங்க பேசறது இந்த ரூமைத் தாண்டாது" என்றேன். படிப்பில் சொல்லிக் கொடுத்த முதல் வாக்கியம் அது. வாரம் இரண்டு நாள் அவன் என்னிடம் வருவது, முதல் வாரம் வாசலில் நின்றால் போதும், அடுத்த வாரம் கடைசி பெஞ்சில் பத்து நிமிஷம் என்று இருவரும் திட்டம் போட்டோம். மூன்றாவது வாரம் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடி வந்தான். "பத்து நிமிஷம்தானே சொன்னீங்க மிஸ்? சார் ஒரு கணக்கு போட்டுகினு இருந்தாரு, அத பாத்துகினே இருந்துட்டேன். பெல் அடிச்சதே தெரியல மிஸ்."

வெள்ளை மை

அதே நாட்களில் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு மாணவியின் அம்மா வந்தார். பெண் தூக்கம் வரவில்லை என்று என்னிடம் இரண்டு முறை வந்திருந்தாள். அம்மா பட்டுப்போல் பேசினார். எங்காத்துல யாருக்கும் இந்த மாதிரியெல்லாம் கிடையாது, கார்த்தால எழுந்து நாலு சுத்து நடந்தா சரியாப் போயிடும், இவ ராத்திரியெல்லாம் போனைப் பாத்துண்டு இருக்கா, அவ்வளவுதான் என்றார். பிறகு என் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தர முடியுமா என்று கேட்டார். பக்கங்களுக்கு எண் போட்டு முத்திரை குத்தியிருக்கிறது, முடியாது என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கைப்பையைத் திறந்து, வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்த வெள்ளை மைப் பேனாவை என் மேசையில் வைத்தார். "கிழிக்க வேண்டாம். பேரை மட்டும் அழிச்சுடுங்கோ. வியாதி இருந்துட்டுப் போகட்டும்."

நல்ல கையெழுத்து

மாணவர் என்னிடம் இருக்கும் நேரம் வகுப்பு நேரமாக இருந்தால், அந்த பீரியடுக்கு வருகை போட ஒரு ரோஸ் சீட்டு உண்டு. முதலில் என் கையெழுத்து, பிறகு பொறுப்பாசிரியர், பிறகு துறைத் தலைவர். பிரதீப் ஆரம்பத்திலிருந்தே, "சீட்டு வேணாம் மிஸ், ஒரு பீரியட் போனா போவட்டும்" என்று சொல்லிவந்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், அவனுக்கு ஒவ்வொரு பீரியடும் தேவைப்பட்டது. நான்தான் வற்புறுத்தினேன். சீட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம். கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, பொய் எழுதக்கூடாது. 'வகுப்பறைக்குள் நுழையப் பயம். முன்னேற்றம் தெரிகிறது' என்று நிதானமாக, அழகாக எழுதினேன். இரண்டாவது வாக்கியம் எழுதும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பொறுப்பாசிரியர் அதை வருகை எடுக்கும்போது வகுப்பில் சத்தமாகப் படித்தார். கடைசி பெஞ்சிலிருந்து யாரோ, "மச்சி, வலது கால எடுத்து வெச்சு வாடா!" என்றிருக்கிறான். பிரதீப் அதற்குப் பிறகு வகுப்புக்கும் வரவில்லை, என்னிடமும் வரவில்லை. ஐந்தாம் நாள் நானே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மரியாதையாக எழுந்து நின்று சொன்னான்: "உங்க கையெழுத்து ரொம்ப நல்லா இருக்குது மிஸ். சார் ஒரு எடத்துலகூடத் தடுமாறாம படிச்சாரு."

பொது

அன்று மாலை, எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரின் பழைய கோப்புகளை எடுத்துப் புரட்டினேன். எல்லாச் சீட்டிலும் காரணம் 'பொது'. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து, எவ்வளவு பொறுப்பில்லாதவர் என்று நினைத்திருந்தேன். அவர் எவ்வளவு பொறுப்பானவர் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் போய்க் காலில் விழுந்திருப்பேன்.

மறுநாள் பொறுப்பாசிரியரிடம் போய், சீட்டை ஏன் வகுப்பில் சத்தமாகப் படித்தீர்கள் என்று கேட்டேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் ஒரு எழுத்துகூடச் சேத்துப் படிக்கலையே மேடம். நீங்க எழுதினதைத்தானே படிச்சேன்?"

இரண்டே வியாதி

வருகைப் பட்டியல் ஒட்டினார்கள். பிரதீப்பின் எண்ணுக்கு நேரே சிவப்புக் கோடு. மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் குறைவை மன்னித்துத் தேர்வு எழுத விடுவார்கள். நான் நேர்வழியைச் சொன்னேன்: அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், அவர் உண்மையை எழுதித் தருவார், நானே கூட வருகிறேன். அலுவலகத்தில் வைத்து இதைக் கேட்ட பிரதீப்பின் அப்பா, காக்கிச் சட்டையோடு நாற்காலியில் உட்காராமலே நின்றார். "இன்னா மேடம் சொல்றீங்க? கீய்ப்பாக்கம் கேஸுன்னு எம்புள்ளைக்கு நானே எழுதி வாங்கினு வரணுமா? நாளிக்கு எவன் வேல குடுப்பான்?" கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போகத் தேவையில்லை என்றேன். எவன் வேலை கொடுப்பான் என்பதைத் தொடாமல் நழுவினேன். என் அம்மாவே என்னை டீச்சர் என்று சொல்கிறார்.

அவர் போன பிறகு பிரதீப் என்னைப் பார்த்து, "அப்பா டைபாய்டுன்னு ஒண்ணு வாங்கித் தரேன்றாரு மிஸ். குடுக்கட்டா?" என்றான். "அது உன் முடிவு" என்றேன். ஆலோசகர் முடிவெடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அன்று நான் அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், வேறொன்றுமில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அலுவலகக் கண்காணிப்பாளர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "இந்தக் காலேஜ்ல பசங்களுக்கு வர்றது ரெண்டே வியாதிதான் மேடம். ஒண்ணு டைபாய்டு, இன்னொண்ணு மஞ்சக்காமாலை."

சாத்துக்குடி

டைபாய்டு சான்றிதழ் ஒரே நாளில் ஏற்கப்பட்டது, பிரதீப் வகுப்புக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு நடந்ததை நான் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று பாதி பார்த்தேன், பாதி பிரதீப் சொல்லிக் கேட்டேன். பொறுப்பாசிரியர் அவனை ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தார். முதல் பெஞ்சுப் பெண்ணிடம் சொல்லி நோட்ஸ் வாங்கிக் கொடுத்தார். கேன்டீனுக்குத் தானே வந்து சாத்துக்குடி ஜூஸ் சொன்னார், ஐஸ் போடாமல். ஒரு நாள் போர்டுக்குக் கூப்பிட்டு, "உடம்பு முடியலன்னா தமிழ்லயே சொல்லுப்பா, பரவாயில்ல" என்றாராம். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லையாம். கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிரதீப் தேர்வு எழுதினான். படபடப்பு அப்படியேதான் இருந்ததாம். கை வேர்வை விடைத்தாளை நனைக்காமல் இருக்கக் கைக்குட்டையை அடியில் வைத்து எழுதினானாம். கடைசித் தேர்வு முடிந்து இதைச் சொல்ல வந்தவன், உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, போர்டுக்குக் கீழே நின்றபடியே பேசினான். போகும்போது சொன்னான்: "டைபாய்டுன்னா எல்லாருமே நல்லவங்களா ஆயிடறாங்க மிஸ். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே இத வாங்கியிருக்கலாம்."

என் சீட்டு

இந்த செமஸ்டர் தொடங்கியதிலிருந்து, லஸ் நிறுத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கல்லூரிக்கு நடக்கும்போது எனக்கு நடை தளர்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் வந்தால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. இதற்கு என்ன பெயர், முதல் வாரம் என்ன செய்ய வேண்டும், அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும் எல்லாம் எனக்குத் தெரியும். போன திங்கட்கிழமை கேட் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், பஸ் நிறுத்தத்தில் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இல்லை.

மறுநாள் விடுப்புப் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலும் 'காரணம்' என்று ஒரு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நிரப்பி, கண்காணிப்பாளரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு முதல் முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். "டைபாய்டுன்னே போட்டிருக்கலாமே மேடம், மூணு வாரம் ரெஸ்ட் எடுத்திருக்கலாம்."

மனசைப் பற்றி ஐந்து வருடம் படித்துவிட்டு நான் இந்தக் கல்லூரியில் எழுதிய காகிதங்களிலேயே, யாரும் சத்தமாகப் படிக்காமல், ஒரு கேள்வியும் கேட்காமல், ஒரே கையெழுத்தில் பாஸான காகிதம் இதுதான் — காரணம்: காய்ச்சல்.