அப்பாவின் தொடையில் இருந்த கம்பி

அப்பா உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் வானிலைச் செய்தி கேட்டதில்லை. கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் கவிழ்ந்து அவருடைய தொடையெலும்பு முறிந்தபோது, பாண்டிச்சேரியில் வைத்து அதற்குள் ஒரு கம்பியைச் சொருகி அனுப்பியிருந்தார்கள். கடலில் எங்கேயோ ஒரு புயல் சின்னம் கிளம்பினால் போதும், மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் அவர் முனக ஆரம்பித்துவிடுவார்.

"கம்பி இழுக்குதுடி. வெறக எடுத்து உள்ள வை."

அம்மா வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பாள். வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். "உங்க கம்பிக்கு வேற வேலயே இல்ல" என்பாள். ஆனாலும் வாய் பேசிக்கொண்டே விறகைக் கட்டி உள்ளே கொண்டுவந்துவிடுவாள். மறுநாள் ஊற்றோ ஊற்றென்று ஊற்றும். அப்பா ஜெயித்த முகத்தோடு அம்மாவைப் பார்ப்பார், அவள் அடுப்பைப் பார்ப்பாள். இப்படியே ஓடியது அவர்கள் குடித்தனம்.

அவர் போனதும் ஒரு மழைக்காலத்தில்தான். பெண்ணையாற்றங்கரையில் இருக்கிற எங்கள் கல்லறைத் தோட்டத்தில், மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் ஒருவருடைய பழைய சிமெண்ட் கல்லறைக்குப் பின்னால் அவரை அடக்கம் செய்தோம். அந்த மாதம் முடிவதற்குள் அவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டினார்கள். அதில் படுத்தவர் எதிர்வீட்டு மாமா. இதைவிடப் பெரிய கேலி இருக்க முடியாது. ஏனென்றால் அப்பாவும் அவரும் ஜென்ம விரோதிகள். மாதா திருவிழாவில் சப்பரம் தூக்க அப்பா தோள் கொடுக்கப் போனபோது, "நொண்டி தோளு குடுத்தா மாதா கவுந்துடும்" என்று அந்த மனுஷன் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. பால் வாங்கப் போனால்கூட ஒருவர் தெருவின் இந்த ஓரம், மற்றவர் அந்த ஓரம். எங்கள் ஊரில் செத்த வரிசைப்படிதான் குழி. அதனால் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் படுக்கும்படி ஆயிற்று.

ஆண்கள் சண்டை போட்டால் பெண்களும் போட்டாக வேண்டுமே! எதிர்வீட்டு அத்தையும் அம்மாவும் அதை முறைப்படி செய்தார்கள். ஒருவரையொருவர் "அண்ணி" என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் அந்த "அண்ணி"யில் கடுகு வெடிக்கும்.

எங்கள் கல்லறைத் தோட்டம் சின்னது. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. புருஷன் போய்ச் சில வருடம் கழித்து மனைவி இறந்தால், அதே குழியைத் திறந்து, இருக்கிற எலும்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு அவளையும் அதிலேயே இறக்குவார்கள். அம்மாவுக்கு இந்த ஒன்றுதான் ஆசை. நகை வேண்டாம், வேளாங்கண்ணிப் பயணம்கூட வேண்டாம். "என்னிய அவரு குழியில எறக்கிடுங்க, போதும். அங்க போயி நான் விசாரிக்க வேண்டிய விஷயம் நெறைய இருக்கு" என்பாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நான் கல்யாணமாகித் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தேன். சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள், பெண்ணையாறு இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது என்றார்கள். போன் போகவில்லை, பஸ்ஸும் இல்லை. நான் இங்கே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, என் தாய் வெள்ளத்துக்கு ஊரோடு ஒதுங்கிய மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எதிர்வீட்டு அத்தைக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, "அண்ணி, உங்க கொறட்டைக்கு ஆறே பரவால்ல" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாளாம். தண்ணீர் வடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "மெழுகுவத்தி வாங்கியாந்தியா?" என்பதுதான். கல்லறைத் திருநாளுக்கு ஒரே நாள் இருந்தது. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் குழிமேட்டைச் சுத்தம் செய்து, பூப் போட்டு மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார்.

ஆனால் சுத்தம் செய்ய மேடு எங்கே இருந்தது? தோட்டம் முழுக்க ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், பூசி மெழுகினது போல ஒரே மட்டமாகக் கிடந்தது. மரச்சிலுவைகள் மிதந்து போய்ப் பக்கத்துக் கரும்பு வயலில் சிக்கிக்கிடந்தன. அவரவர் வீட்டுச் சிலுவையைத் தேடிப் பிடுங்கிக்கொண்டு, அதை எங்கே நடுவது என்று தெரியாமல் ஊரே சேற்றில் நின்றது. தப்பி நின்றது உபதேசியாரின் சிமெண்ட் கல்லறை ஒன்றுதான்.

அதற்குப் பின்னால் இருக்கிற இரண்டு குழியில் ஒன்று அப்பா, ஒன்று எதிர்வீட்டு மாமா. அம்மா உபதேசியார் கல்லறையைப் பார்த்து நின்றாள். "எனக்கு நல்லா தெரியும். இடது கைப் பக்கம் என் வூட்டுக்காரரு" என்றாள்.

"ஆமா அண்ணி. எங்க ஆளு வலது கைதான்" என்றாள் அத்தை. இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். சிலுவை நட்டோம், வண்டலைக் குவித்து மேடு கட்டினோம். மறுநாள் பூப் போட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். அப்பாவுக்குப் பிடித்த உப்பு பிஸ்கட்டைச் சாமியார் கண்ணில் படாமல் அம்மா மேட்டின் மேல் வைத்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

திரும்பி வரும்போது கரும்பு வயல் வரப்பில் அம்மா சட்டென்று நின்றாள். "இரு, இரு. நாம வழக்கமா இந்தப் பக்கமாவா வருவோம்?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஆற்றோரமிருந்த வாசலையும் வழியையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்ததால், ஊரே பின்பக்கமாகக் கரும்பு வயல் வழியே உள்ளே போயிருந்தது. வழக்கத்துக்கு எதிர்த்திசையில் நின்றுகொண்டு இடது, வலது பார்த்திருக்கிறோம்!

"அதனால இன்னா? கல்லறையப் பாத்துதான நின்னோம்?" என்றாள் அத்தை. அவள் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

அன்று சாயந்திரம் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு அடங்காது. உப்பு ஜாடி உபதேசியார். இரண்டு டம்ளர் இரண்டு புருஷன்மார். அம்மா ஜாடிக்கு இந்தப் பக்கம் குந்திப் பார்த்தாள், அந்தப் பக்கம் குந்திப் பார்த்தாள். "நாம வாசல்லேருந்து வந்து கல்லறைய சுத்திக்கினு போவோமா, இல்ல நேரா நின்னுடுவோமா?" என்று கேட்டாள். சுற்றிப் போய் நின்றிருந்தால் நட்ட சிலுவை சரி, சுற்றாமல் வாசல் பக்கமே நின்றிருந்தால் இடதும் வலதும் மாறிவிட்டது. சுற்றுவோம் என்றாள் அத்தை. இல்லை என்றாள் அம்மா. பிறகு அம்மா சுற்றுவோம் என்றாள், அத்தை இல்லை என்றாள். என்னைக் கேட்டார்கள். வருடாவருடம் நான் மெழுகுவத்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு குனிந்தபடி நடந்தவள், எனக்கு எங்கே தெரியும்?

"நல்ல பொண்ண பெத்தீங்க அண்ணி" என்றாள் அத்தை.

"உங்க புள்ள மட்டும்? திருப்பூர்லேருந்து சாவுக்கு வந்தவன் குழிய பாத்தானா, பஸ்ஸுக்கு நேரம் பாத்தானா?" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு அம்மா டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நான் போயி அந்தாளு பக்கத்துல படுக்கறதா? எங்க ஆளு மூஞ்சிய திருப்பிக்குவாரே" என்றாள். அத்தைக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, "எனக்கு மட்டும் உங்க ஆளு பக்கத்துல படுக்க ஆசயா அண்ணி?" என்றாள். ஒரு கணம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார்கள். அத்தைக்குப் புரையேறிவிட்டது.

வழி கண்டுபிடித்தது அம்மாதான். யார் முதலில் போனாலும், குழியைத் திறக்கும்போது கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது. கம்பி இருந்தால் அது அப்பா. இருக்கிறவள் நின்று பார்த்து, போனவளை அவளுடைய ஆளோடு சேர்த்து வைக்க வேண்டியது. உப்பு ஜாடியின் மேல் கை வைத்து இரண்டு பேரும் சத்தியம் செய்துகொண்டார்கள். அதுவரை எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மேட்டிலும் இரண்டு பேரும் மெழுகுவத்தி ஏற்றுவது என்று ஏற்பாடு. பிஸ்கட்டை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. தன் மேட்டில்தான் வைப்பாள்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோர வாசலை அடைத்துக் கரையை உயர்த்திவிட்டார்கள். பின்வழியே நிரந்தர வழியானது. ஒவ்வொரு மழைக்கும் பெண்ணையாறு பொங்கினால், அம்மாவும் அத்தையும் ஒரே குடையில் போய்க் குழிமேடு கரைந்ததா என்று பார்த்துவிட்டு வருவார்கள். அத்தை தன் மேட்டில் டிசம்பர் பூச்செடி வைத்தாள். அம்மா போட்டிக்குச் செவ்வந்தி வைத்தாள், அது வரவேயில்லை. "உங்க கை ராசி அப்பிடி" என்பாள் அத்தை. கடுகு வெடிப்பது நின்றிருந்தது. எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் எதிர்வீட்டுக்குப் போகும்.

இரண்டாயிரத்துப் பத்து கார்த்திகை மழையில் அத்தை போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டு நான் ஓடியபோது அம்மா பிணத்தின் பக்கத்தில் இல்லை. கல்லறைத் தோட்டத்தில், கொட்டுகிற மழையில், குழி வெட்டுகிறவர்களின் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தாள். அத்தையின் மேட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள். நான் போய்க் குடை பிடித்தேன். அம்மாவின் கை சில்லென்று இருந்தது.

"பாத்து வெட்டுப்பா. இரும்பு மாதிரி எதனா தட்டுப்பட்டா சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தட்டுப்பட்டது. எனக்கே கேட்டது அந்தச் சத்தம். குழிக்குள் இருந்தவர் குனிந்து மண்ணை விலக்கிவிட்டு நிமிர்ந்தார். "ஆமாம்மா. நீட்டுக் கம்பி ஒண்ணு கெடக்குது."

அம்மா அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தையின் மகன் வந்தான். திருப்பூரில் வேலை செய்கிறவன். நல்ல பிள்ளைதான், ஆனால் அவசரக்காரன். கோயிலில் பூசை முடியப்போகிறது, குழியில் தண்ணீர் ஊறுகிறது, மழையும் விடவில்லை. "வெட்டுனது வெட்டியாச்சு. இங்கியே எறக்கிடலாம் அத்த. எல்லாம் எலும்புதான?" என்றான்.

அம்மா எழுந்தாள். "எலும்பா? டேய், உள்ள கெடக்கறது என் புருஷன்டா. அந்தப் பக்கம் கெடக்கறது உங்கப்பன். உங்கம்மா உப்பு மேல கை வச்சி எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. நான் உயிரோட இருக்கச் சொல்ல அவள மாத்திப் பொதைக்க வுட்டுடுவேனா?" என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா மண்வெட்டியைப் பிடுங்கி, பக்கத்து மேட்டில், தான் இத்தனை வருடம் பூப் போட்டுப் பிஸ்கட் வைத்த மேட்டில், முதல் வெட்டைத் தானே போட்டாள். அவனே குழியில் இறங்கி வெட்டினான். சாமியார் சவத்தோடு வந்து மழையில் காத்து நின்றார். முகம் சுளிக்கவில்லை, பாவம்.

அத்தையை அவள் புருஷனோடு வைத்துவிட்டு ஊர் கலைந்தது. நானும் அம்மாவும் மட்டும் அப்பாவின் குழியை மூடினோம். வெட்டும்போது ஓரமாகப் பெயர்ந்து விழுந்த டிசம்பர் செடியை அம்மா எடுத்து, வேரில் மண் சேர்த்து, மறுபடி மேட்டின் மேல் நட்டாள். ஊதாப் பூ நாலைந்து சேற்றோடு ஒட்டியிருந்தது.

"பாத்தியா, உங்கப்பாவ எவ்ளோ நல்லா வச்சிருந்திருக்கா. நான் என்னாடான்னா இத்தினி வருஷமா அந்தாளுக்கு பிஸ்கட் வச்சிக்கினு இருந்திருக்கேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவளுக்கும்தான்.

மழை வலுத்தது. வாம்மா போகலாம் என்று இழுத்தேன். அவள் நகரவில்லை. மேட்டைக் கையால் தட்டித் தட்டிச் சமன் செய்துகொண்டே, கட்டிலில் படுத்திருக்கிற ஆளிடம் பேசுகிற அதே குரலில் அப்பாவிடம் கேட்டாள்.

"எங்கியோ கடல்ல புயலு வந்தா, கம்பி இழுக்குதும்பீங்களே. இத்தினி வருஷம் கை எட்டுற தூரத்துல, வேற ஒருத்தன் பக்கத்துல உக்காந்து அழுதுக்கினு கெடந்தேனே. அப்ப இழுக்கலியா உங்களுக்கு?"