பத்து விரலும் தெரிகிற படம்

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். கீழக்கரைப் பக்கத்து ஆள். துபாய்க்கு வந்தபோது எனக்கு ஏசி மெஷினில் எந்தப் பக்கம் குளிர்காற்று வரும் என்றுகூடத் தெரியாது. இன்று அல் கூஸில் மூன்று ஏசி ரிப்பேர் ஷெட்டு என் பேரில் ஓடுகிறது. இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக. பெருமைப்பட வேண்டியதைப் பெருமையாகத்தானே சொல்ல வேண்டும்? ஆனால் ஏசியைவிட எனக்குப் பெரிய பெருமை என் கேமரா. பட்டனை அழுத்தினால் 'கிர்ர்' என்று முன்பக்கம் படத்தைத் துப்புமே, அந்த கேமரா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பர்துபாயில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதைப் பார்த்தேன். அதற்குமுன் வாழ்க்கையில் நான் போட்டோ எடுத்ததே கிடையாது. வாங்கி வந்த அன்று, நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்ப்பில் எங்கள் ரூமே வாசலில் நின்றது. வெள்ளை அட்டை வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் சமையல்காரர் முளைத்து வந்தார். முதலில் தலைமுடி, பிறகு மீசை, பிறகு பனியன். "யா அல்லா, இது போட்டோவா, பேயா?" என்றார் அவர். அந்த நிமிடத்தில் பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை. பேரப்பிள்ளைகள் போனைக் காட்டிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எல்லாரும் அந்தப் படத்தை விசிறி மாதிரி ஆட்டுவார்கள். தப்பு. ஆட்டக் கூடாது, குப்புறப் போட்டுச் சும்மா இருக்க வேண்டும். சூடு பட்டால் படம் மஞ்சளித்துப்போகும், ரொம்பக் குளிர்ந்தால் நீலம் பாயும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நாலு பாக்கெட் ஃபிலிமை நாசமாக்கிக் கற்றுக்கொண்டேன். ஏசிக்காரனுக்குச் சூடு குளிரு பற்றி யார் பாடம் எடுப்பது? ஃபிலிம் பாக்கெட்டை ரூம் ஃப்ரிட்ஜில் மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். "பாய் படத்துல மட்டும் மீன் வாடை வருது" என்று கேலி செய்வார்கள்.

கேம்ப்பில் எனக்கென்று ஒரு ஸ்டைல் இருந்தது. ஊருக்குப் படம் அனுப்புகிறவன் எவனாக இருந்தாலும் நான் நிற்க வைக்கிற விதம் ஒன்றுதான். ஆபீஸ் வாசலில் அரபி முதலாளியின் வெள்ளை வண்டி நிற்கும். இடது கை வண்டியின் மேல், வலது கை பேன்ட் பாக்கெட்டில், கண்ணில் என்னுடைய கறுப்புக் கண்ணாடி. அப்படி எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது.

அந்த ஸ்டைல்தான் ஒருவனுடைய கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது.

அவன் புதுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார். என் கட்டிலுக்கு மேல்கட்டில். ஊரில் அவனுக்குப் பெண் பேசி, என் கையால் எடுத்த படமும் போயிருந்தது. அந்தச் சமயத்தில் அவன் கம்பெனியிலேயே அவன் தாலுகாக்காரன் ஒருவனுக்குக் கம்பி வெட்டுகிற மெஷினில் இரண்டு விரல் போய்விட்டது. செய்தி ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆள் மாறி, விரல் கையாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவன் அக்கா எழுதிய கடிதத்தோடு என் முன்னால் வந்து நின்றான்.

"பாய், எனக்குக் கையில்லையாம் பாய்."

"என்னடா உளறுற?"

"பொண்ணு வீட்டுல சொல்றாங்களாம். போட்டோவுல வலது கைய எதுக்கு மறைச்சிருக்காருன்னு கேக்குறாங்களாம். வேற எடம் பாத்து வச்சிருக்காங்க. அவங்களுக்கு முடிவு சொல்ல இன்னும் நாலஞ்சு நாள்தான் இருக்காம். நீங்கதான பாய் பாக்கெட்டுல விடச் சொன்னீங்க!"

எனக்குச் சுருக்கென்றது. போனில் சொன்னால் யார் நம்புவார்கள்? கையில்லாதவனும் போனில் 'கை இருக்கிறது' என்றுதானே சொல்வான். ஸ்டூடியோவில் எடுத்தால் கழுவித்தர இரண்டு நாள் ஆகும். ஆனால் அன்றைக்கே எங்கள் ரூம் எலக்ட்ரீசியன் லீவில் ஊருக்குக் கிளம்புகிறார், நாலு மணிக்கு ஏர்போர்ட் வண்டி. அவர் கையில் கொடுத்துவிட்டால் மூன்றாம் நாள் படம் பெண் வீட்டில்.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாக்கெட்டில் மிச்சம் மூன்றே படம். வெள்ளிக்கிழமை கடை திறக்கச் சாயங்காலமாகும், வாங்கி வர வழியில்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் அவனை வெளியே நிறுத்தி, "ரெண்டு கையையும் நல்லாக் காட்டு" என்றேன். தூக்கிக் காட்டினான். ஆகஸ்டு வெயில். படம் ஆரஞ்சுப் பழம் மாதிரி வந்தது. எலக்ட்ரீசியன் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாய், போலீஸ் சுத்தி வளைச்சிருச்சா? இதக் கொண்டுபோய்க் குடுத்தா கையிருக்குன்னு நம்புவாங்க, ஆனா ஜெயில்ல இருக்கான்னு நெனைப்பாங்க."

இரண்டாவது படத்துக்கு, கும்பிடு போடச் சொன்னேன். வேட்பாளர் மாதிரி இருந்தான். "ஓட்டுக் கேக்குறான்" என்றார் சமையல்காரர். அதைவிட மோசம், விரலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி எண்ண முடியவில்லை.

மிச்சம் ஒன்று. கொத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. "விடுங்க பாய், தலையில எழுதினது அவ்வளவுதான்" என்று உள்ளே போய்விட்டான். எனக்கு ஆத்திரம். அவன் மேல் அல்ல, என் மேல்.

எலக்ட்ரீசியனுடைய அட்டைப்பெட்டி ரூம் நடுவில் இருந்தது. ஊருக்குப் போகிறவன் பெட்டியைக் கட்டுவது எங்கள் கேம்ப்பில் ஒரு திருவிழா. பால்பவுடர், சென்ட், போர்வை எல்லாம் திணித்து, ஒருவன் மேலே ஏறி உட்கார, இன்னொருவன் மஞ்சள் நைலான் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். கயிறு கட்டுவதில் கொத்தனாரை அடிக்க ஆள் கிடையாது. எவ்வளவு வருத்தத்தில் இருந்தாலும் கட்டித்தரச் சொன்னால் மறுக்க மாட்டான். அன்றைக்கும் மண்டியிட்டு, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சர்வீஸ் பண்ணின ஏசி, ரூம் நல்ல பதத்தில் இருக்கிறது. வண்டியும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம்.

"டேய், இங்க பாரு!"

நிமிர்ந்தான். அழுத்தினேன்.

படத்தைச் சாப்பாட்டுத் தட்டில் குப்புறப் போட்டு யாரையும் தொடவிடாமல் காவல் நின்றேன். வெளியே ஏர்போர்ட் வண்டிக்காரன் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி ஹாரன் அடிக்கிறான். திருப்பினேன். முகம் தெளிவு. கயிறு தெளிவு. எல்லாரும் தலையை நீட்டி விரலை எண்ணினார்கள்.

"ஒம்பது" என்றார் சமையல்காரர்.

மறுபடி எண்ணினோம். ஒன்பதுதான். வலது கட்டைவிரலைக் காணோம். கொத்தனார் தன் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டான். எனக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும்.

"பொறுங்கப்பா, இன்னும் முழுசா வரல" என்றேன். நம்பிக்கையில் சொன்னேனா, பயத்தில் சொன்னேனா தெரியாது. விரலும் பழுப்பு, அட்டைப்பெட்டியும் பழுப்பு. நிறம் ஏற ஏற இரண்டும் மெல்லப் பிரிந்தன. முதலில் ஒரு நகம். பிறகு அதற்குக் கீழே விரல்.

"பத்து!" என்று ரூமே கத்தியது. எலக்ட்ரீசியன் படத்தைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பெண்ணின் அப்பா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரலை எண்ணினாராம். பிறகு அந்தக் கயிற்று முடிச்சை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வேல தெரிஞ்சவன்தான். தையில வச்சுக்கலாம்" என்றாராம்.

கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் திரும்பி வந்தபோது அந்தப் படத்தைக் கேட்டேன். நான் எடுத்ததிலேயே அதுதான் முதல்தரம், நெகடிவ் கிடையாது, உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"அவ தர மாட்டேங்குறா பாய். பீரோக் கண்ணாடியில சொருகி வச்சிருக்கா."

"பீரோ எங்க இருக்கு?"

"ஜன்னலுக்கு எதுத்தாப்புல."

"வெயில் பட்டா படம் வெளுத்துப்போகுமேடா! இன்னிக்கே எழுது. பீரோவ மொதல்ல அந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லு" என்றேன்.